ஆளுக்குப் பாதிக் கப்பல்

பாத்ரூமில் உட்கார்ந்து கப்பல் கட்டுகிற ஆளுக்கு யார் பெண் கொடுப்பார்கள் என்று கேட்காதீர்கள். கொடுத்தாகிவிட்டது. கொடுத்த பிறகுதான் மனிதர் கட்டவே ஆரம்பித்தார், அதனால் பெண் வீட்டார் மேல் குற்றம் சொல்ல முடியாது.

தொழில் முடி திருத்துவது. கடைவீதியில் சொந்தமாகச் சலூன் வைத்திருந்தார். மனைவி வீட்டில் அவருக்குப் பெரிய மாப்பிள்ளை என்று பெயர். நாமும் அப்படியே கூப்பிடுவோம். குடியிருப்பு மூன்றாவது மாடியில். இரண்டு அறை, ஓர் அடுக்களை, ஒரு பாத்ரூம். அந்தப் பாத்ரூமில் வாஷிங் மெஷின் மேல் ஒரு பலகையைப் போட்டால் அது பட்டறை, எடுத்தால் பாத்ரூம். எடுப்பது அபூர்வம்.

கடையில் விற்கிற அட்டைப்பெட்டிக் கப்பல்களை, அதாவது எல்லாத் துண்டுகளையும் எவனோ வெட்டிக் கொடுத்து நாம் ஒட்டுகிற ஜாதியை, அவர் மதிக்கமாட்டார். அது சமையல் இல்லை, சூடு பண்ணுவது என்பார். உடைந்த நாற்காலி, பழப்பெட்டி, பள்ளிக்கூடத்து மர ஸ்கேல், எது கிடைத்தாலும் அறுத்துத் தீக்குச்சி கனத்துக்குச் சீவி, விலாச் சட்டம் முதல் கொடிக்கம்பம் வரை எல்லாவற்றையும் தாமே செய்தாக வேண்டும். கப்பல் மூக்கில் பட்டையை வளைக்க எல்லோரும் நீராவி அது இதென்று படாதபாடு படுவார்கள். இவருக்கு அந்தக் கவலையே கிடையாது. பெண்களுக்குச் சுருட்டை வைக்கிற சூட்டுக்கோலில் ஈரப் பட்டையைச் சுற்றினால் முடி மாதிரியே வளைந்து கொடுக்கும். ஒட்டினதைப் பிடித்து நிறுத்தச் சலூன் கிளிப், பசை காய ஹேர் டிரையர், நறுக்கச் சவர பிளேடு. சலூனில் ஓர் அம்மாளுக்குச் சுருட்டை வைக்கும்போது தேக்கு வாசனை வருகிறதே என்று அந்த அம்மாள் கேட்டாள். புது ஷாம்பு என்று சமாளித்தாயிற்று.

வீட்டில் சமாளிக்க முடியவில்லை. ஒருநாள் மனைவி தலைக்குக் குளித்து, அங்கே மரத்தூள் படிந்து தொங்கிய துண்டில் துவட்டிக்கொண்டு ஆபீசுக்குப் போயிருக்கிறாள். பக்கத்து மேசைக்காரி உற்றுப் பார்த்துவிட்டு, ரொம்பப் பொடுகாக இருக்கிறதே, உங்கள் வீட்டுக்காரரிடம் காட்டக் கூடாதா என்று கேட்டுவிட்டாள். முடி திருத்துபவன் பெண்டாட்டிக்குப் பொடுகு. அவமானத்தில் பாதி நாள் லீவு போட்டுவிட்டு வந்தவள் பாத்ரூம் வாசலில் நின்று சொன்னாள்.

“இப்ப கையில இருக்கிறதோட சரி. இதுக்கப்புறம் இந்த வீட்டுல நீங்க ஒரு தீக்குச்சி சீவினாலும் நான் எங்கம்மா வீட்டுக்குப் போயிடுவேன்.”

அம்மா வீடு என்றதும் பெரிய மாப்பிள்ளைக்கு என்ன தோன்றியது தெரியுமா? போகும்போது என்னையும் கூட்டிக்கொண்டு போயேன் என்று தோன்றியது. ஏனென்றால் அந்த வீட்டுக்குப் பின்னால்தான் கொட்டகை இருந்தது.

கொட்டகை என்றால் சாமான் போட்டு வைக்கிற கொட்டகை இல்லை. காலமான மாமனார் நாற்காலி கட்டிய இடம். கடைசல் மெஷின், சின்ன வட்ட ரம்பம், ஆணி அடித்தாலும் ஆடாத மேசை, அதில் இரும்புப் பிடி, சுவரில் அளவுவாரியாக உளிகள், மேசைக்கு எதிரே ஆள் உயரத்துக்குக் கண்ணாடி ஜன்னல். மாமனார் போனதிலிருந்து பூட்டிக் கிடந்தது. ஜன்னலில் முகத்தை ஒட்டவைத்து அந்தக் கடைசல் மெஷினைப் பெரிய மாப்பிள்ளை பார்த்த பார்வையைக் கண்டு, கல்யாணத்துக்கு முன்னால் தன்னைக்கூட அப்படிப் பார்த்ததில்லை என்று மனைவி சொல்லிக்காட்டுவாள். உண்மைதான், பார்த்ததில்லை.

சாவி மாமியாரிடம். மாமியார் லேசுப்பட்ட ஆள் இல்லை. ஆற்று முகத்தில் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் ஆட்களை ஏற்றி இறக்கிய படகைத் தலை நரைக்கும் வரை ஓட்டியவள். படகு ஓட்டுபவரைச் சாரங்கு என்பார்கள் அல்லவா, அதனால் ஊர் முழுக்க அவளுக்குச் சாரங்கம்மா என்று பெயர். எஞ்சின் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்திப் பழகியதில், உப்பு எடு என்று சொன்னாலும் தெருக்கோடியில் ஒருவன் உப்பைத் தேடுவான்.

சாரங்கம்மாவுக்கு இரண்டு பெண்கள், ஆகவே இரண்டு மாப்பிள்ளைகள். இங்கேதான் சனியன் சம்மணம் போட்டு உட்கார்ந்தது. சின்ன மாப்பிள்ளை, அதாவது நம்மவரின் சகலை, போர்டு எழுதுகிறவன். அவனுக்கும் கப்பல் பைத்தியம். சகலைகளில் ஒருவனுக்குப் பைத்தியம் இருந்தால் குடும்பம் தாங்கும். இரண்டு பேருக்கும் ஒரே பைத்தியம் என்றால், அதுவும் ஒரே கொட்டகை மேல் கண் என்றால், எங்கே போய் முட்டிக்கொள்வது?

போதாததற்கு அவர்களுக்குள் பேச்சுவார்த்தையே கிடையாது. காரணம் சலூன் கண்ணாடி. கடை வாசல் கண்ணாடியில் பெயர் எழுத வேண்டுமென்று சகலையைத்தான் கூப்பிட்டார் பெரிய மாப்பிள்ளை. சொந்தக்காரனுக்கு வேலை கொடுத்த மாதிரியும் இருக்கும், கொஞ்சம் அதிகாரம் பண்ணின மாதிரியும் இருக்கும் என்ற எண்ணம். மழை பட்டு அழியாமல் இருக்க இந்த மாதிரி எழுத்தைக் கண்ணாடியின் உள்பக்கமிருந்து திருப்பி எழுதுவார்கள். வெளியே நின்று பார்த்தால் நேராகத் தெரியும். சகலை அதில் கெட்டிக்காரன். ஆனால் இவர் கடைக்குள்ளே நின்றுகொண்டு, எனக்கு இங்கிருந்து பார்த்தால் ஜோராகத் தெரியணும் என்று ஒரு வார்த்தை விட்டார். நிறம் பளிச்சென்று இருக்கணும் என்பது அவர் மனதில் இருந்தது. அது மனதில்தானே இருந்தது? சகலை சொன்னதைச் சொன்னபடி செய்துவிட்டான். தெருவில் போகிறவர்களுக்குத் இடவலம் மாறித் தெரிந்தது. உள்ளே நாற்காலியில் உட்கார்ந்தவர்களுக்கு எதிர்க் கண்ணாடியிலும் திரும்பியே தெரிந்தது. கத்தரிக்கோலோடு வாசலைப் பார்த்து நிற்கும் ஒரே ஓர் ஆள் மட்டும் அதைப் படிக்கலாம். அந்த ஆளுக்குத் தன் கடைப் பெயர் ஏற்கெனவே தெரியும்.

அன்றைக்கு விழுந்த முகங்கள் இரண்டும் எழுந்திருக்கவேயில்லை. எழுத்தை அழிக்கவும் இவர் விடவில்லை; வந்து போகிறவர்களிடம் சகலையின் லட்சணத்தைக் காட்ட வேண்டாமா?

இப்படி இருக்கையில் சாரங்கம்மா ஓட்டிய படகை இரும்புக்கடைக்கு அறுத்துப் போட்டுவிட்டார்கள். அவள் ஒன்றும் அழுது வடியவில்லை. இரண்டு மாப்பிள்ளைகளையும் வரவழைத்துக் கூடத்தில் எதிரெதிரே உட்காரவைத்தாள். டி.வி. மேலே வைக்க எனக்கு ஒன்று வேண்டும், பூச்சாடி வைத்தால் எவனும் அதைப் பற்றிக் கேட்கமாட்டான், என் படகை வைத்தால் வருகிறவன் கேட்பான், நான் அவன் போகும்வரை சொல்லிக்கொண்டிருப்பேன் என்றாள். பிறகு இடுப்பிலிருந்து சாவியை எடுத்து மேசைமேல் வைத்தாள். இரண்டு ஜோடிக் கண்களும் அதிலேயே ஒட்டிக்கொண்டன.

“ரெண்டு பேரும் சேர்ந்து செய்யணும். ஒழுங்கா முடிச்சா கொட்டகை ரெண்டு பேருக்கும். ஒருத்தர் சொதப்பினா சாவி மத்தவருக்கு. ரெண்டு பேரும் சொதப்பினா நான் அதுல கோழி வளர்க்கப் போறேன்.”

கோழி என்றதும் பெரிய மாப்பிள்ளைக்கு அந்தக் கடைசல் மெஷின் மேல் கோழி உட்கார்ந்து எச்சம் போடுவது கண்முன்னால் வந்தது. சரி என்று தலையாட்டினார். எதிரே அவனும் ஆட்டினான்.

சேர்ந்து செய்வதாம். ஒரே அறையில் ஐந்து நிமிடம் இருந்தால் ஆளுக்கொரு சுவரைப் பார்க்கிறவர்கள். கடைசியில் அக்காவும் தங்கையும் போனில் பேசி வழி கண்டுபிடித்தார்கள். கப்பலை மூக்கிலிருந்து வால்வரை நெடுக்காக இரண்டாகப் பிளந்துகொள்வது. வலது பாதியை இவர் தன் வீட்டில் ஒரு பலகைமேல் கட்டுவார், இடது பாதியை அவன் தன் வீட்டில் கட்டுவான். குறித்த நாளில் சாரங்கம்மா வீட்டுக்குக் கொண்டுபோய் முதுகோடு முதுகு ஒட்டினால் முழுப் படகு. யாரும் யார் முகத்தையும் பார்க்க வேண்டாம்.

படகின் வரைபடம் சாரங்கம்மாவின் மெத்தைக்கு அடியில் இருந்தது. மூத்தவர் என்று பெரிய மாப்பிள்ளை கையில் கொடுத்து, சின்னவருக்கு ஒரு பிரதி எடுத்துக் கொடுத்துவிடுங்கள் என்றாள். இந்த வரைபடக்காரர்கள் கொஞ்சம் சோம்பேறிகள். கப்பலுக்கு இரண்டு பக்கமும் ஒன்றுதானே என்று வலப்பக்கத்தை மட்டும் வரைந்துவிட்டுப் போய்விடுவார்கள். இடப்பக்கம் வேண்டுமென்றால் நாமே திருப்பிப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

திருப்பிப் போடுவது. அதையும் அவனை நம்பி விடுவதாவது! கடை வாசலில் தினமும் பார்க்கிறாரே அவன் திருப்பின அழகை. இவனிடம் விட்டால் கதை கந்தல், பழி இரண்டு பேர் மேலும் விழும், சாவி கோழிக்கு என்று பெரிய மாப்பிள்ளை முடிவு பண்ணினார். வரைபடத்தைப் படுக்கையறை ஜன்னல் கண்ணாடியில் திருப்பி ஒட்டி, மேலே வெள்ளைத் தாள் வைத்து, வெளிச்சத்தில் தெரிந்த ஒவ்வொரு கோட்டையும் தாமே பென்சிலால் எடுத்தார். இரண்டு சாயங்காலம், கழுத்து பிடித்துக்கொண்டது. மூக்கு வளைவை மட்டும் நாலு தடவை அழித்து அழித்துப் போட்டார். எழுத்தையெல்லாம் விட்டுவிட்டார், நாள் முழுக்க எழுத்தைப் பார்க்கிறவனுக்கு இதிலும் எழுத்து எதற்கு? ஆக, சகலைக்கு இடப்பக்கம் ரெடிமேடாக, அப்படியே ஒட்டி வேலையை ஆரம்பிக்கிற மாதிரி வந்துவிட்டது. பிறகு தெருமுனைக் கடையில் அதை மெஷின் பிரதி எடுத்து, மனைவி மூலம் தங்கைக்கு அனுப்பினார். நான் திருப்பிவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லி அனுப்பவில்லை. சொன்னால் உதவி செய்ததாக ஆகிவிடுமே, மரியாதை என்னாவது?

அதற்கப்புறம் வேலையில் இறங்கினார் பாருங்கள், அசுர வேலை. அம்மாவின் படகாயிற்றே என்று மனைவி இந்த ஒன்றை மட்டும் பொறுத்துக்கொண்டு, பல் விளக்க அடுக்களைத் தொட்டிக்குப் போனாள். கப்பலின் அடிக்கோட்டிலிருந்து மேலே பட்டை பட்டையாக ஒட்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, விரல் வைத்துத் தடவி, திருப்தியில்லாமல் மறுபடி தேய்த்து, கடைசியில் அந்தப் பாதிப் படகு புதிதாகச் சவரம் பண்ணின கன்னம் போல வழவழவென்று நின்றது. சாரங்கம்மா நின்று ஓட்டிய அறைக்குக் கதவு வைத்து, கதவுக்குக் கீலும் வைத்தார். கடைசல் மெஷின் இல்லாத குறைக்கு ஜன்னல் வளையத்தை ஷேவிங் பிரஷ் பிடியிலிருந்து கையாலேயே கடைந்தார். ஒரு பாதியே இப்படி, கொட்டகை கிடைத்தால் என்னவெல்லாம் செய்வேன் என்று வாஷிங் மெஷினிடம் சொல்லிக்கொண்டார்.

குறித்த நாள் வந்தது. சாரங்கம்மா வீட்டுக் கூடத்தில் மேசைமேல் துணி விரித்திருந்தது. ஒரு பக்கமிருந்து பெரிய மாப்பிள்ளை துண்டில் சுற்றிய தன் பாதியோடு வந்தார், இன்னொரு பக்கமிருந்து சகலை பழைய பேனர் துணியில் சுற்றிய பாதியோடு வந்தான். பிரித்து வைத்தார்கள். அவன் பாதியைப் பார்த்ததும் இவருக்கு வயிறு எரிந்தது. வேலை அவ்வளவு சுத்தம். பெயிண்டில் ஒரு தூரிகைக் கோடு தெரியவில்லை. பாவி, கையில் வித்தை இருக்கிறது என்று ஒத்துக்கொண்டார், மனசுக்குள்ளேதான்.

இருவரும் ஆளுக்கொரு பாதியைத் தூக்கி முதுகோடு முதுகு சேர்த்தார்கள்.

இவர் படகின் மூக்கு இருந்த இடத்தில் அவன் படகின் வால் இருந்தது.

சகலை தன் பாதியைத் திருப்பிப் பார்த்தான், அப்போது முதுகு வெளியே வந்தது. தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தான். இப்போது மூக்கோடு மூக்கு பொருந்தியது, ஆனால் ஒரு பாதி மிதந்தது, இன்னொரு பாதி முழுகிக் கிடந்தது. அக்காவும் தங்கையும் ஒருவர் தோளில் ஒருவர் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினார்கள். சாரங்கம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டே வந்து, மேசையை ஒரு சுற்று சுற்றினாள்.

“ரெண்டும் வலது,” என்றாள்.

சகலையின் முகம் சுண்ணாம்பாகிவிட்டது. திருப்பித்தானே ஒட்டினேன் என்று முணுமுணுத்தான். அன்றைக்குச் சலூன் கண்ணாடியில் பட்ட அவமானத்துக்கப்புறம், எதை எடுத்தாலும் திருப்பினோமா என்று பார்த்துப் பார்த்துச் செய்கிறவன் அவன். வரைபடத்தில் வலதுதான் இருக்கும் என்பது அவனுக்குத் தெரியும், அதனால் வந்த பிரதியைப் பசை தடவிக் குப்புறப் போட்டுப் பலகையில் ஒட்டினானாம். அழுத்தித் தேய்த்துக் கோடு பின்பக்கமாகத் தெரிய, அதன்மேல் கட்டினானாம். சத்தியமாகத் திருப்பினேன் அத்தை என்றான்.

பெரிய மாப்பிள்ளைக்குத் திக்கென்றது. அவர் ஒரு தடவை திருப்பினது. இவன் இன்னொரு தடவை திருப்பினது. திருப்பினதைத் திருப்பினால் பழையபடி வலது. அந்த அறையில் இது தெரிந்த ஒரே ஆள் அவர்தான்.

வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. ஏனென்றால் சாரங்கம்மா சாவியைக் கையில் எடுத்துவிட்டாள்.

“என் தப்புதான் அண்ணே,” என்றான் சகலை. கண்ணாடிச் சண்டைக்கப்புறம் அவரைப் பார்த்து அவன் நேராகச் சொன்ன முதல் வார்த்தை அது. “எங்கேயோ குழம்பிட்டேன் போல. ஒரு தடவை பட்டும் எனக்குப் புத்தி வரலை.”

சாரங்கம்மா பெருமூச்சு விட்டுவிட்டு, சொன்ன சொல் சொன்னதுதான் என்று சாவியைப் பெரியவர் உள்ளங்கையில் வைத்தாள். இடுப்புச் சூடு இன்னும் அதில் இருந்தது. கடைசல் மெஷின், வட்ட ரம்பம், ஆடாத மேசை, பொடுகில்லாத மனைவி, எல்லாம் கைக்குள் வந்தாயிற்று. மூடினால் போதும். விரலை மூடினார். நெஞ்சு உறுத்தத்தான் செய்தது. உறுத்தட்டும், கொட்டகைக்குள் போனதும் தானாகச் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டார். நல்ல மனிதர்தான், ஆனால் அந்த நிமிடத்தில் இல்லை.

சகலை தன் பாதியைப் பேனர் துணியில் சுற்ற ஆரம்பித்தான். சுற்றிக்கொண்டே, யாரிடமும் இல்லாமல் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்: “அந்தக் காப்பியும் சரியில்லை. மெஷின் இழுத்துட்டுது போல. மூக்கு வளைவெல்லாம் ஒரே கோணல். நான்தான் நிமித்திப் போட்டேன்.”

பெரிய மாப்பிள்ளை பொறுத்துக்கொண்டார். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொண்டார். பொய்யைத் தாங்கிக்கொள்ளலாம், பாவத்தைத் தாங்கிக்கொள்ளலாம், சகலை முழித்த முழியைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். நாலு தடவை அழித்து அழித்துப் போட்ட வளைவைக் கோணல் என்றால் எப்படித் தாங்குவது?

“எது கோணல்? ஜன்னல்ல திருப்பி வெச்சு, ரெண்டு சாயங்காலம் கழுத்து ஒடிய நின்னு கையால எடுத்திருக்கேன். கோணலாம்ல.”

சொன்ன பிறகுதான் சொன்னது காதில் விழுந்தது. சகலையின் கை துணியோடு அப்படியே நின்றது. “திருப்பி வெச்சா?” என்றான். மனைவி எங்கேயோ பார்த்துக்கொண்டு, படுக்கையறைக் கண்ணாடியில் பென்சில் கறை எப்படி வந்தது என்று இத்தனை நாளாக யோசித்துக்கொண்டிருந்தேன் என்றாள். தங்கைக்காரிக்குச் சிரிப்பு நின்று விக்கல் பிடித்துக்கொண்டது.

சாரங்கம்மா கையை நீட்டினாள். பெரிய மாப்பிள்ளை சாவியை அதில் வைத்தார். கடைசல் மெஷின் மேல் கோழிகள் வரிசையாக வந்து உட்கார்ந்தன. இந்த வயதில் அழக் கூடாது என்று மேல் விட்டத்தைப் பார்த்துக்கொண்டார்.

சாரங்கம்மா கத்தவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, இரண்டு வலப்பக்கங்களையும் மாறி மாறித் தடவிப் பார்த்தாள். தான் நின்ற அறையின் கதவை விரலால் திறந்து மூடினாள். அவன் பாதியிலும் கதவு இருந்தது, கீல் வைத்தே.

“என் படகுல ரெண்டு பேர் இருந்தானுங்க,” என்றாள். “கரைக்கு வந்ததும் ஒருத்தன் கயித்தைக் கட்டுவான். கட்டிட்டேன்னு சொல்ல மாட்டான். இன்னொருத்தன் வந்து, சும்மா சுத்தி வெச்சிருக்கு போலன்னு நினைச்சு அவுத்துத் திரும்பக் கட்டப் போவான், அதுக்குள்ள யாராவது கூப்பிடுவாங்க, போயிடுவான். ரெண்டு பேருமே நல்ல வேலைக்காரனுங்க. படகு மட்டும் ஆத்தோட போயிடும்.”

மாப்பிள்ளைகள் இருவரும் தரையைப் பார்த்தார்கள். தரையில் ஒன்றுமில்லை.

அப்புறம் தீர்ப்பைச் சொன்னாள். கோழிக்காரனிடம் இன்னும் பேசவில்லை, அவன் கொஞ்சம் காத்திருக்கட்டும். இப்போது அவளிடம் இரண்டு வலது இருக்கின்றன, அதனால் இரண்டு இடது வேண்டும். ஒரு படகு டி.வி. மேலே, இன்னொன்று பிரிட்ஜ் மேலே. சின்னவர் வலதுக்குப் பெரியவர் இடது செய்யணும், பெரியவர் வலதுக்குச் சின்னவர் செய்யணும். அவரவர் வீட்டில் இல்லை, ஒரே கொட்டகையில், ஒரே மேசையில். பேசிச் செய்தார்களா பேசாமல் செய்தார்களா என்பது ஒட்டுகிற அன்றைக்குத் தானாகவே தெரிந்துவிடும்.

எழுந்து போய்க் கொட்டகையைத் திறந்துவிட்டு, சாவியைத் திரும்ப இடுப்பில் செருகிக்கொண்டாள்.

உள்ளே தூசியும் பழைய மர வாசனையும் சேர்ந்து அடித்தன. பெரிய மாப்பிள்ளை கடைசல் மெஷினின் சக்கரத்தைக் கையால் ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். துரு இல்லை, சுற்றியது. மனம் நிறைந்துபோய்த் திரும்பினால், சகலை, இவர் தன் பாதியோடு கொண்டுவந்திருந்த அந்தப் பழைய வரைபடத்தை மேசைமேல் விரித்து வைத்துக்கொண்டு நின்றான். எதிரே கண்ணாடி ஜன்னலில் சாயங்கால வெளிச்சம் இருந்தது. ஒருவர் தொண்டையைச் செருமினார், இன்னொருவர் செருமினதற்குப் பதில் செருமினார்.

கடைசியில் சகலைதான் கேட்டான்.

“அண்ணே, திருப்புறது நீங்களா நானா?”

இந்த ஒரு கேள்வியை அன்றைக்கே யாராவது கேட்டிருந்தால் ஒரு படகோடு போயிருக்கும். பெரிய மாப்பிள்ளை கையைத் தாளுக்கு நீட்டப் போனார். கடை வாசல் கண்ணாடி நினைவுக்கு வந்தது. நான் மனதில் வைத்துக்கொண்டதை இவன் எப்படிச் செய்திருப்பான் என்று முதல்முதலாகத் தோன்றியது. வெட்கமாக இருந்தது. கையை இழுத்துக்கொண்டார்.

“நீயே திருப்பு,” என்றார். “திருப்பினதும் சொல்லு.”

சொல்லிவிட்டு, எட்டிப் பார்க்காமல் இருப்பதற்காகச் சுவர்ப்பக்கமாகத் திரும்பி நின்று, உளிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார். பின்னால் ஜன்னல் கண்ணாடியில் தாள் ஒட்டுகிற சத்தம் கேட்டது. கழுத்து தானாகத் திரும்பப் பார்த்தது. அதைப் பிடித்து நிறுத்துவது, கப்பல் மூக்கில் பட்டையை வளைப்பதைவிடப் பெரும்பாடாக இருந்தது. பார்க்கவில்லை.

“திருப்பிட்டேன் அண்ணே,” என்றது குரல்.

“சரி,” என்றார்.